ஓர் அடைமொழியின் அரசியல்: ஹீனி, ஃப்ரீல், எங்கள் ‘ஆங்கில’க் கவிஞர்கள்

மேனாட்டு இலக்கியம் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் தொடர் ஒன்றுண்டு: ‘ஆங்கிலக் கவிஞர் யேட்ஸ்’. இதே வரிசையில் ‘ஆங்கில நாடகாசிரியர் பெர்னாட் ஷா’ வருவார், ‘ஆங்கில நாவலாசிரியர் ஜேம்ஸ் ஜோய்ஸ்’ வருவார், ஒஸ்கார் வைல்டும் வருவார். எழுதுபவரும் யோசிப்பதில்லை, வாசிப்பவரும் நின்று பார்ப்பதில்லை.

யேட்ஸ் 1865 இல் டப்ளின் நகரை ஒட்டிய ஓர் ஊரில் பிறந்தவர். 1922 இல் ஐரிஷ் சுதந்திர அரசு உருவானபோது அதன் செனட் சபையில் உறுப்பினரானவர். அடுத்த ஆண்டே நோபல் பரிசு பெற்றவர். வைல்ட் (1854), ஷா (1856), ஜோய்ஸ் (1882) மூவரும் டப்ளின்காரர். அவர்களுக்கு இருநூறு வருடம் முந்திய ஜொனதன் ஸ்விஃப்டும் (1667) அதே நகரில் பிறந்தவர்தான். இவர்களை ஆங்கிலேயர் என்று சொல்ல ஊரும் இடம் தராது, வரலாறும் இடம் தராது.

“ஆங்கிலத்தில எழுதினா ஆங்கிலக் கவிஞர்தானே? இதிலென்ன பிழை?” என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிழை யேட்ஸிடமும் இல்லை, கேட்பவரிடமும் இல்லை. ‘ஆங்கில’ என்ற அந்த அடைமொழியில் இருக்கிறது. தமிழில் அந்த ஒரே சொல் மொழியையும் குறிக்கும், அம்மொழிக்குப் பெயர் தந்த இனத்தையும் குறிக்கும். ‘ஆங்கில நூல்’ என்றால் மொழி. ‘ஆங்கில அரசு’ என்றால் இனமும் நாடும். ‘ஆங்கிலக் கவிஞர்’ என்றால் எது? அந்தத் தெளிவின்மைக்குள்தான் அயர்லாந்து என்ற ஒரு நாடே காணாமல் போகிறது.

இக்கட்டுரை அந்த அடைமொழியைப் பற்றியது. அதை மறுத்து எழுதிய ஷேமஸ் ஹீனியையும், ஊர்ப் பெயர்கள் மாறிய கதையை மேடையேற்றிய பிரையன் ஃப்ரீலையும் முன்வைத்துப் பேசுகிறேன். இருவரும் ஆங்கிலத்தில்தான் எழுதினார்கள். இருவரும் ஆங்கிலேயர் அல்லர்.

பெயர்களின் கணக்கு

முதலில் நிலப்படத்தைச் சரிபார்த்துக்கொள்வோம். ஐரோப்பாவின் வடமேற்கே இரண்டு பெரிய தீவுகள் உள்ளன. கிழக்கே இருப்பது பெரிய பிரித்தானியா. அதில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் என மூன்று நாடுகள். மேற்கே இருப்பது அயர்லாந்து. 1707 இல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் ஒரே இராச்சியமாயின. 1801 இல் அயர்லாந்தும் அதனோடு இணைக்கப்பட்டது. 1921 இல் அயர்லாந்துத் தீவு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஆறு மாவட்டங்கள் வட அயர்லாந்து என்ற பெயரில் ஐக்கிய இராச்சியத்தோடு நின்றன. மற்ற இருபத்தாறும் 1922 இல் சுதந்திர அரசாகி, 1937 இல் புதிய அரசியலமைப்பைப் பெற்று, 1949 இல் குடியரசாகிப் பொதுநலவாயத்தை விட்டும் வெளியேறின.

எனவே இன்றைய நிலையில் பிரித்தானியா வேறு, ஐக்கிய இராச்சியம் வேறு, இங்கிலாந்து வேறு. எங்கட பேச்சில் இந்த மூன்றும் ஒன்று. ‘லண்டன்’ என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறவர்களும் உண்டு. கிளாஸ்கோவில் இருக்கும் பிள்ளையும் “லண்டன்ல” இருக்கிறார்!

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இதை விளங்கிக்கொள்ள ஒரு கருவி கையிலேயே உண்டு: ஆகுபெயர். ‘வெற்றிலை நட்டான்’ என்றால் இலையையா நட்டான்? கொடியைத்தான் நட்டான். உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகி வந்ததால் அது சினையாகுபெயர். இங்கிலாந்து என்ற பெயரால் ஐக்கிய இராச்சியம் முழுவதையும் சுட்டுவது இந்த வகை. இதற்கு மறுதலையும் உண்டு. அல்ஸ்டர் என்பது ஒன்பது மாவட்டங்கள் கொண்ட பழைய மாகாணம். அதில் ஆறுதான் வட அயர்லாந்தில் உள்ளன. டோனகோல், காவன், மோனஹன் மூன்றும் குடியரசின் பக்கம். இருந்தும் வட அயர்லாந்தை ‘அல்ஸ்டர்’ என்றே அழைப்பவர் ஏராளம். முழுமையின் பெயர் பகுதிக்கு வருகிறது, இது முதலாகுபெயர். இருபத்தாறு மாவட்டங்களின் அரசு தன் அரசியலமைப்பில் தனக்கு ‘ஏரே’ என்றும் ஆங்கிலத்தில் ‘அயர்லாந்து’ என்றும் பெயரிட்டுக்கொண்டதும் அதே வகைதான்.

வட அயர்லாந்தை ‘வடக்கு’ என்றும் குடியரசைத் ‘தெற்கு’ என்றும் சொல்வது இன்னொரு வேடிக்கை. தீவின் வடகோடி முனையான மாலின் முனை டோனகோலில் இருக்கிறது. அதாவது ‘தெற்கில்’ இருக்கிறது.

ஆகுபெயர் என்றால் வழக்குத்தானே, விட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் சொல்பவரும் கேட்பவரும் ஒரே பொருளில் எடுத்துக்கொண்டால்தான் ஆகுபெயர் வழக்காக நிற்கும். வெற்றிலைக் கொடி யாரிடமும் முறைப்பாடு சொல்வதில்லை. ஸ்கொட்லாந்துக்காரரை ஆங்கிலேயர் என்றால் அவர் முகம் சுளிப்பார். டப்ளின்காரரைப் பிரித்தானியர் என்றால் அவர் பேச்சையே நிறுத்திவிடலாம். ‘பிரித்தானியத் தீவுகள்’ என்று எங்கள் தேசப்படங்கள் சாதாரணமாகப் போடும் பெயரை அயர்லாந்து அரசு பயன்படுத்துவதில்லை. இரு அரசுகளும் சேர்ந்து எழுதிய 1998 ஆம் ஆண்டு உடன்படிக்கையே ‘இந்தத் தீவுகள்’ என்று பெயர் சொல்லாமல் சுட்டிவிட்டுப் போகிறது. சுட்டுப்பெயர் ஒன்று சமாதானத்துக்கு உதவிய இடம் அது.

ஹீனியின் மறுப்பு

1982 இல் பெங்குவின் நிறுவனம் சமகாலப் பிரித்தானியக் கவிதைகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. பிளேக் மொரிசனும் அன்ட்ரூ மோஷனும் தொகுப்பாசிரியர்கள். தொகுப்பின் முதற்கவிஞர் ஷேமஸ் ஹீனி. அவருக்குத்தான் அதில் முதன்மை இடம். மைக்கல் லோங்லி, டெரெக் மஹோன், போல் மல்டூன் முதலிய வட அயர்லாந்துக் கவிஞர்களும் இருந்தார்கள்.

ஹீனி 1939 இல் டெரி மாவட்டத்தின் ஒரு பண்ணை வீட்டில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த நிலம் சட்டப்படி ஐக்கிய இராச்சியத்தின் ஒரு பகுதி. 1972 இல் அவர் குடும்பத்தோடு குடியரசுக்குக் குடிபெயர்ந்தார். தொகுப்பு வந்த மறுவருடம் ‘ஒரு திறந்த மடல்’ என்ற நெடுங்கவிதையைத் துண்டுப் பிரசுரமாக வெளியிட்டார். மடலின் சாரம் இதுதான்: மரியாதைக்கு நன்றி, ஆனால் ‘பிரித்தானிய’ என்ற அடைமொழி எனக்கு ஒவ்வாது. தன் கடவுச்சீட்டின் நிறம் பச்சை என்று அதில் நினைவூட்டுகிறார். அக்காலத்து ஐரிஷ் கடவுச்சீட்டு பச்சை நிறம்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது நன்றி கெட்ட செயல்போலத் தோன்றும். முதலிடம் கொடுத்துக் கௌரவித்தவர்களிடமே “இந்த வீடு என்னுடையதல்ல” என்று சொல்வதா? அவருடைய நூல்களை வெளியிட்டதும் லண்டன் பதிப்பகம்தான். அவருடைய வாசகர்களில் பெருந்தொகையினர் இங்கிலாந்தில்தான் இருந்தார்கள். இதையெல்லாம் எதிராளி சொல்லவேண்டியதில்லை, மடலிலேயே ஹீனி சொல்கிறார். லண்டன் இதழ்களில் எழுதி வாழ்ந்த ஒருவன் இப்போது மறுப்பது பொருந்துமா என்று தன்னையே கேட்கிறார். மடலின் பலம் அங்கேதான். வீராப்பாக எழுதியிருந்தால் அது வெறும் கொடிபிடிப்பு. சங்கடத்தோடு எழுதியதால்தான் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது.

யாப்பையும் கவனிக்கவேண்டும். ஸ்கொட்லாந்துக் கவிஞர் ரொபர்ட் பேர்ன்ஸ் கையாண்டு புகழ்பெற்ற ஆறடிச் செய்யுள் வடிவத்தை ஹீனி எடுத்துக்கொள்கிறார். நட்போடு கிண்டலும் கலந்து பேச ஏற்ற வடிவம் அது. இங்கிலாந்துக்காரரிடம் பேச, ஆங்கிலேயரல்லாத இன்னொருவரின் யாப்பு! வடிவத்தைத் தெரிந்தெடுத்ததிலேயே வாதத்தில் பாதி முடிந்துவிடுகிறது.

ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். கவிதை என்ற அளவில் இது ஹீனியின் சிறந்த படைப்பல்ல. சொல்லவேண்டியதை இரண்டு மூன்று தடவை சொல்கிறது. அவருடைய ஊர்ப் பெயர்க் கவிதைகள் ஒரு பக்கத்தில் செய்வதை இந்த மடல் பல பக்கங்களில் செய்கிறது. அது ஒரு ஆவணமாகவே முக்கியம் பெறுகிறது.

இந்த மறுப்பைப் பகை என்று எடுத்துக்கொள்வதும் தவறு. 2011 மே மாதத்தில் எலிசபெத் மகாராணி அயர்லாந்துக் குடியரசுக்கு வந்தபோது, டப்ளின் கோட்டையில் நடந்த அரச விருந்தில் ஹீனியும் அமர்ந்திருந்தார். நூறு வருடங்களுக்குப் பிறகு பிரித்தானிய முடி அந்த மண்ணில் கால்வைத்த பயணம் அது. மகாராணி தன் உரையை ஐரிஷ் மொழிச் சொற்களில் தொடங்கினார். பெயரைச் சரியாகச் சொன்னால் ஒரே மேசையில் இருந்து சாப்பிடலாம் என்பதுதான் இதில் தெரிகிறது.

பெயர் பெயர்க்கப்பட்ட கதை

பிரையன் ஃப்ரீலின் ‘மொழிபெயர்ப்புகள்’ நாடகம் 1980 செப்டெம்பர் 23 இல் டெரி நகரின் கில்ட்ஹோல் மண்டபத்தில் முதன்முதலாக மேடையேறியது. ஃப்ரீலும் நடிகர் ஸ்டீவன் ரேயும் தொடங்கிய ‘ஃபீல்ட் டே’ குழுவின் முதல் நாடகம் அது. ஹீனியின் மடலை வெளியிட்டதும் இதே குழுதான்.

கதை நடப்பது 1833 இல், டோனகோலில் ஐரிஷ் பேசும் ஒரு சிற்றூரில். ஹியூ என்ற குடிகார ஆசிரியர் ஒரு தொழுவத்தில் திண்ணைப் பள்ளிக்கூடம் போன்ற ஒன்றை நடத்துகிறார். அங்கே பாடம் இலத்தீன், கிரேக்கம், பேச்சு ஐரிஷ். பிரித்தானிய இராணுவத்தின் நில அளவைப் படை ஊருக்கு வருகிறது. அயர்லாந்து முழுவதையும் ஒரு மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் படமாக்கும் வேலை 1824 இல் தொடங்கிவிட்டது. நோக்கம் வரி மதிப்பீடு. படத்தில் போட ஊர்ப் பெயர்கள் வேண்டும், அவை ஆங்கிலம் வாசிப்பவர் வாயில் நுழையவும் வேண்டும். ஹியூவின் மகன் ஓவன் படையோடு மொழிபெயர்ப்பாளனாக வருகிறான். லெப்டினன்ட் யோலண்ட் என்ற இளம் அதிகாரியோடு உட்கார்ந்து பெயர்களை மாற்றுகிறான்.

தமிழில் ‘மொழிபெயர்ப்பு’ என்ற சொல்லுக்குள் ‘பெயர்’ இருக்கிறது. பெயர்த்தல் என்றால் ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைத்தல். கல்லைப் பெயர்ப்போம், நாற்றைப் பெயர்த்து நடுவோம். அதே ஒலியில் ‘பெயர்’ என்பது பெயருமாகும். இந்த நாடகத்தின் தலைப்பு ஆங்கிலத்தைவிடத் தமிழில்தான் நன்றாகப் பொருந்துகிறது என்று சொன்னால் அது மிகையல்ல.

பெயர்மாற்றம் நாடகத்தில் இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, ஒலியை ஏறக்குறைய வைத்துக்கொண்டு பொருளை விட்டுவிடுவது. ‘ட்ரும் டுவ்’ என்றால் ஐரிஷில் கரிய மேட்டுத்தொடர். அது ‘ட்ரொம்டஃப்’ ஆகிறது. மேடும் இல்லை, கருமையும் இல்லை. மற்றது, பொருளில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு ஒலியை விட்டுவிடுவது. ‘பன் ந ஹாவன்’ என்றால் ஆற்றின் வாய். அது ‘பர்ன்ஃபுட்’ ஆகிறது.

இதற்கும் நன்னூலார் ஒரு கருவி தந்திருக்கிறார். காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்ற பாகுபாட்டை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஊர்க்காரனுக்கு ஊர்ப் பெயர் காரணப்பெயர்; ஏன் அந்தப் பெயர் வந்தது என்று அவன் கதை சொல்லுவான். படம் வரைபவனுக்கு அது இடுகுறி. ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் எழுத ஒரு சொல் போதும். நில அளவை செய்த வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்வதென்றால், ஒரு நாட்டின் காரணப்பெயர்களையெல்லாம் அது இடுகுறியாக்கியது. சொந்த ஊரின் பெயருக்குப் பொருள் தெரியாத ஒரு தலைமுறை அதற்குப் பின்தான் வளர்ந்தது.

ஆனால் ஃப்ரீல் இதை அழுகைக் கதையாக்கவில்லை. ‘டோபர் வ்ரீ’ என்ற குறுக்குச் சந்தியின் பெயரைப் பற்றிய காட்சியே நாடகத்தின் மையம் என்பேன். பிரையனின் கிணறு என்பது அதன் பொருள். ஆனால் கிணறு அங்கே இல்லை, வற்றிப்போய் நெடுங்காலம். நூற்றைம்பது வருடத்துக்கு முன் பிரையன் என்றொருவன் அதில் இறந்துபோனானாம். அந்தக் கதை பாட்டன் சொன்னதால் ஓவனுக்குத் தெரியும், ஊரில் வேறு எவருக்கும் தெரியாது. எவரும் மறந்துபோன ஒருவனுக்காக, இல்லாத கிணற்றின் பெயரை வைத்திருக்கவேண்டுமா? கேட்பவன் ஊர்க்காரனான ஓவன். வைத்திருக்கத்தான் வேண்டும் என்பவன் ஆங்கிலேயனான யோலண்ட். பெயர் ஊர்க்காரன் கையிலும் இடுகுறியாகிப் போகலாம், அந்நியன் ஒருவன் அதைக் காக்க நினைக்கலாம். இப்படியொரு சிக்கலை வைத்ததால்தான் இது பிரசாரமாகாமல் நாடகமாக நிற்கிறது.

ஓவனின் பெயரே பிழையாகிப்போன கதையும் உண்டு. அதிகாரிகள் அவனை ‘ரோலண்ட்’ என்கிறார்கள். அவன் திருத்துவதில்லை. பெயர்தானே, ஆள் நான்தானே என்று சிரித்துவிடுகிறான். பிறகு ஒரு கட்டத்தில் அவனுக்கே பொறுக்காமல் போய்த் தன் பெயரைச் சொல்லிவிடுகிறான். அதன்பின் யோலண்ட் காணாமல்போகிறான். கப்டன் லான்சி கால்நடைகளைக் கொல்லுவேன், வீடுகளை இடிப்பேன் என்று ஊர் ஊராகப் பெயர் சொல்லி மிரட்டுகிறான். அவன் சொல்லும் புதுப் பெயர்களை ஓவன் பழைய பெயர்களாக்கி ஊராருக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. தான் மாற்றிய பெயர்களைத் தானே திருப்பி மாற்றும் அந்த இடத்தில் நாடகம் உச்சம் தொடுகிறது.

மேடை உத்தியையும் சொல்லவேண்டும். பாத்திரங்கள் ஐரிஷ் பேசுவதாகப் பாவனை, நடிகர்கள் பேசுவதோ ஆங்கிலம். ஊராரும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், அதிகாரிகளும் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், ஆனால் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது. பார்ப்பவருக்கு இரண்டும் விளங்கும். ஐரிஷ் மொழியில் இந்த நாடகத்தை எழுதியிருந்தால் அயர்லாந்திலேயே பெரும்பாலோருக்கு விளங்கியிராது. மொழி போய்விட்டது என்று சொல்ல அந்த மொழியே கைகொடுக்காத நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

குறையும் உண்டு. நில அளவையின் வரலாற்றை 1975 இல் நூலாக எழுதியவர் ஜே. எச். அன்ட்ரூஸ். ஃப்ரீலுக்கு அந்த நூல்தான் மூலாதாரங்களில் ஒன்று. நாடகம் வந்தபின் அன்ட்ரூஸே அதன் வரலாற்றுப் பிழைகளை எடுத்துச் சொன்னார். அளவைப் படையினர் துப்பாக்கிமுனைக் கத்தியோடு ஊரை வளைத்தவர்களல்லர், குடியானவரை வெளியேற்றுவது அவர்கள் வேலையுமல்ல. அதைவிட முக்கியமானது, உண்மையில் பெயர் வேலை செய்தவர்களில் தலையானவர் ஜோன் ஓடொனவன் என்ற பெரிய ஐரிஷ் அறிஞர். ஊர் ஊராக நடந்து, முதியவரிடம் கேட்டு, பழஞ்சுவடி பார்த்து, ஒவ்வொரு பெயரின் மூலவடிவத்தையும் பதிந்தவர் அவர். இன்று ஐரிஷ் பெயர்களை மீட்பவர்களுக்கு அந்தக் குறிப்பேடுகளே பெருந்துணை. பெயர்களை ஆங்கிலமாக்கும் வழக்கமும் நில அளவைக்கு நெடுங்காலம் முந்தியது.

ஆக, அழித்த கையும் காத்த கையும் ஒரே அலுவலகத்தில் இருந்தன. ஓடொனவனின் இடத்தில் ஓவனை வைத்ததால் நாடகம் கூர்மை பெற்றது, வரலாறு ஒருபக்கம் சாய்ந்தது. நாடகத்தை நாடகமாக மெச்சலாம். அதைச் சரித்திரச் சான்றாக மேற்கோள் காட்டும் ஆய்வாளர் ஓடொனவனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.

நாவில் நிற்கும் ஊர்

இதே கேள்விக்கு ஹீனியின் பதில் வேறு. 1972 இல் வந்த அவருடைய ‘வின்டரிங் அவுட்’ தொகுப்பில் ஊர்ப் பெயர்களையே தலைப்பாகக் கொண்ட கவிதைகள் உள்ளன. ஊர்ப் பெயருக்குக் கதை சொல்லும் ‘டின்ஷென்ஹஸ்’ என்ற பழைய ஐரிஷ் மரபு ஒன்றுண்டு. ஹீனி அதை ஆங்கிலத்தில் புதுப்பிக்கிறார். ‘அனஹோரிஷ்’ என்ற கவிதை, தெளிந்த நீர் உள்ள இடம் என்ற மூலப்பொருளிலிருந்து தொடங்கி, அந்தச் சொல்லின் உயிரும் மெய்யும் எப்படி நிலத்தின் மேடு பள்ளம்போல இருக்கின்றன என்று சுவைக்கிறது. இடுகுறியாகிப்போன பெயரை மறுபடி காரணப்பெயராக்கும் வேலை இது.

‘ப்ரோஹ்’ என்ற கவிதை இன்னும் நுட்பமானது. ஆற்றங்கரை என்று பொருள்படும் ஐரிஷ் பெயர் அது. கவிதைக்குள்ளே ஸ்கொட்லாந்திலிருந்து வந்து குடியேறியோரின் சொற்களும் கலந்துள்ளன. அந்தப் பெயரின் கடைசி ஒலி வெளியாருக்கு வாயில் வராது என்று கவிதை முடிகிறது. உள்ளூரில் யாருக்கு வரும்? கத்தோலிக்கருக்கும் வரும், புரொட்டஸ்டாந்தருக்கும் வரும். ஊருக்குள் வெட்டுக்குத்து நடந்த காலத்தில், இருவரும் ஒரே மாதிரி உச்சரிக்கும் ஒரு சொல்லைக் கண்டெடுத்துக் காட்டியது சிறிய காரியமல்ல. திறந்த மடலைவிட இக்கவிதையே மேலானது என்று நான் நினைப்பது இதனால்தான். மடல் யார் வெளியே என்று சொல்கிறது. கவிதை யார் யார் உள்ளே என்று சொல்கிறது.

மறுபக்கம்

இவ்வளவும் வாசித்தபின் அந்தத் தீவில் பிறந்த எல்லோரையும் ஐரிஷ்காரர் என்று எழுதிவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. அது முதற் பிழையைத் தலைகீழாக நிறுத்துவது. வட அயர்லாந்தில் தம்மைப் பிரித்தானியர் என்று மனதார நம்பும் பெருந்தொகை மக்கள் உண்டு. பெல்பாஸ்ட் கவிஞர் ஜோன் ஹியூவிட் தன்னை அல்ஸ்டர்காரன், ஐரிஷ்காரன், பிரித்தானியன், ஐரோப்பியன் என்று நான்காகவும் ஒருங்கே கண்டவர். ஹீனி மறுத்த அதே தொகுப்பில் இருந்த லோங்லி, ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பெல்பாஸ்டில் பிறந்தவர். எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்க முடியாது. 1998 உடன்படிக்கை இதை எழுத்திலேயே ஏற்றது. வட அயர்லாந்தில் பிறந்தவர் தம்மை ஐரிஷ் என்றோ பிரித்தானியர் என்றோ இரண்டுமென்றோ சொல்லிக்கொள்ளலாம், அது அவரது பிறப்புரிமை.

ஃப்ரீலின் நாடகம் அரங்கேறிய நகரத்துக்கே இரண்டு பெயர். ஐரிஷில் கருவாலி மரத்தோப்பு என்று பொருள்படும் பெயரிலிருந்து வந்தது டெரி. 1613 இல் லண்டன் வணிகக் கழகங்களுக்கு அந்நகரம் பட்டயமாகக் கொடுக்கப்பட்டபோது முன்னால் லண்டன் ஒட்டி லண்டன்டெரி ஆயிற்று. 1984 இல் நகர சபை தன் பெயரை டெரி நகர சபை என்று மாற்றிக்கொண்டது. நகரத்தின் சட்டப் பெயர் லண்டன்டெரிதான் என்று 2007 இல் நீதிமன்றம் சொன்னது. எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதைக் கொண்டே ஆளின் பக்கத்தை ஊகிப்பவர்கள் அங்கே இன்றும் உண்டு.

எங்கள் நாட்டோடு தொடர்புள்ள ஓர் உதாரணமும் இருக்கிறது. இலங்கைச் சோனகர் வரலாறு எழுதுவோர் அடிக்கடி எடுத்தாளும் நூல்களில் ஒன்று 1859 இல் இரண்டு பாகங்களாக வந்த எமர்சன் டெனன்டின் ‘சிலோன்’. 1845 முதல் 1850 வரை இங்கே குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்தவர் அவர். ‘ஆங்கிலேய அதிகாரி டெனன்ட்’ என்று எழுதிவிடுவது எங்கட வழக்கம். அவர் 1804 இல் பெல்பாஸ்டில் பிறந்தவர், அந்நகரின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அப்படியானால் ஐரிஷ் தேசியவாதியா? அதுவும் இல்லை. அயர்லாந்தின் இணைப்பை நீக்கவேண்டும் என்ற பிரேரணை 1834 இல் வந்தபோது அதை எதிர்த்துப் பேசியவர் அவர். அதே விவாதத்தில் லிமெரிக்கில் பிறந்த தொமஸ் ஸ்பிரிங் ரைஸ், அயர்லாந்து என்ற பெயரைவிட ‘மேற்குப் பிரித்தானியா’ என்ற பெயரே தனக்கு விருப்பம் என்றார். அந்தப் பெயர் பிறகு ஒரு வசைச்சொல்லாயிற்று. ஜோய்ஸின் ‘இறந்தவர்கள்’ கதையில் ஒரு பெண் கதாநாயகனை அந்தச் சொல்லால்தான் சீண்டுகிறாள். அவன் அந்த இரவு முழுக்க அதை மறக்கமுடியாமல் தவிக்கிறான். ‘ஆங்கிலக் கதை’ என்று வாசித்தால் அந்தத் தவிப்பு எப்படி விளங்கும்?

டெனன்டைப் ‘பெல்பாஸ்டில் பிறந்த பிரித்தானிய அதிகாரி’ என்று எழுதினால் இரண்டு உண்மையும் நிற்கும். கூடுதலாகச் செலவாவது இரண்டு சொல்.

எங்களுக்கு ஏன் இது?

ஹீனி என்ன சொல்கிறார் என்று இவ்விதழின் வாசகருக்குப் பாடமெடுக்கத் தேவையில்லை. ‘தமிழ்க் கவிஞர்’ என்ற தொடரை எடுங்கள். ‘ஆங்கிலக் கவிஞர்’ போலவே அதுவும் இருபொருள் தருவது. மொழியைக் குறித்தால் அது எங்கள் பெருமை. சித்திலெப்பை ‘முஸ்லிம் நேச’னைத் தமிழில்தான் நடத்தினார். எங்கள் புலவர்கள் காப்பியம் பாடியது தமிழில்தான். இனத்தைக் குறித்தால், அங்கே நாங்கள் ஒரு கணம் நிற்கிறோம். பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் மொழியையும் வழக்கங்களையும் முக்கிய சான்றாக வைத்துச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டதும், ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் அதற்கு நூல்வடிவில் மறுப்பு எழுதியதும் நாம் அறிந்தவை. மொழி ஒன்றானால் இனமும் ஒன்றாகவேண்டும் என்ற அந்த அனுமானம்தான் ‘பிரித்தானிய’ என்ற அடைமொழிக்குள்ளும் இருந்தது.

ஒப்புமையை அளவோடு நிறுத்தவேண்டும். ஹீனிக்கும் ஆங்கிலம் தாய்மொழிதான், ஆனால் அது அவருடைய முன்னோர் இழந்த ஒரு மொழியின் இடத்தில் வந்து அமர்ந்தது. எங்கட தமிழுக்குப் பின்னால் அப்படியொரு பறிகொடுப்பு இல்லை. எங்கள் கேள்வி ஆள்பவனுக்கும் ஆளப்பட்டவனுக்கும் இடையிலான கேள்வியுமல்ல, பக்கத்துவீட்டாரோடு உள்ள கேள்வி. வேறுபாடு பெரியது. ஆனால் தன்னை எந்தப் பெயரால் அழைக்கவேண்டும் என்பதைச் சொல்லும் உரிமை அழைக்கப்படுபவருக்கே உரியது என்ற இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன. அந்த உரிமையைத் தனக்குக் கேட்கும் ஒரு சமூகத்தின் எழுத்தாளர்கள், யேட்ஸை ஆங்கிலேயராக்கிவிட்டுப் பேசாமல் போவது அழகல்ல.

செய்யவேண்டியது பெரிய காரியமுமல்ல. மொழியைச் சொல்லவேண்டுமானால் ‘ஆங்கில மொழிக் கவிஞர்’ அல்லது ‘ஆங்கிலத்தில் எழுதிய ஐரிஷ் கவிஞர்’ என்று எழுதலாம். நாட்டைச் சொல்லவேண்டுமானால் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து என்று பெயரைச் சொல்லலாம். அரசைச் சொல்லவேண்டுமானால் ஐக்கிய இராச்சியம். ‘ஆங்கிலேயர்’ என்ற சொல்லை இங்கிலாந்துக்காரருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஆண்ட அரசுக்குப் ‘பிரித்தானியர்’ என்று எழுதலாம். வட அயர்லாந்தில் பிறந்த ஒருவரானால், அவர் தன்னை என்னவென்று சொன்னார் என்று ஒரு நிமிடம் தேடிப்பார்த்து எழுதலாம். உயர்தர வகுப்புப் பிள்ளைக்கு ஆகுபெயர் படிப்பிக்கும்போது வெற்றிலையோடு இங்கிலாந்தையும் ஓர் உதாரணமாகச் சொன்னால், இலக்கணமும் விளங்கும், உலகமும் விளங்கும்.